மூன்றாவது கோல் எந்தப் பக்கம் விழுந்தது?

காளவாசல் பைபாஸ் ரோட்டில் எனக்கு டயர் கடை. சாயங்காலம் ஆனால் பஞ்சர் வண்டிகளோடு பையன்களின் கால்பந்துகளும் வந்துவிடும். பைக் முன்சக்கரத்துக்கு 25 பவுண்டு காற்று என்றால் பந்துக்கு 10, 12 போதும். ஊசியை நனைத்துத்தான் செருக வேண்டும், வறட்டு ஊசி உள்ளே ரப்பரைக் கிழித்துவிடும். இதற்கு நான் காசு வாங்குவதில்லை. அதனால் என் கடை வாசலில் எப்போதும் ஒரு கால்பந்துச் சண்டை நடந்துகொண்டிருக்கும். அதில் மிகப் பழைய சண்டை எனக்கும் என் மச்சானுக்கும். 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அடித்த மூன்றாவது கோல் எந்தப் பக்கத்து வலையில் விழுந்தது என்பதுதான் வழக்கு.

அன்று சனிக்கிழமை. எங்கள் சிக்னலில் மேம்பால வேலை நடந்துகொண்டிருந்த சமயம். தூசியைத் தின்றுகொண்டே அரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய்க் கோவை பஸ் ஏறினோம். நான், மச்சான், பக்கத்து ஒர்க்ஷாப் தம்பி. “டயர் கடையைப் பூட்டிப்புட்டு பந்து பாக்கப் போறாகளாம்” என்று என் வீட்டில் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்கள்.

போகாமல் இருக்க முடியாது, விஷயம் அப்படி. அந்த சீசன் ஐ-லீக் கால்பந்தில் 11 அணிகள், ஆளுக்கு 20 ஆட்டம். ஜெயித்தால் 3 புள்ளி, சமனானால் 1. கடைசி நாளன்று சென்னை சிட்டி எஃப்.சி.க்கு 40 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு 39. நாங்கள் ஜெயித்தால் கோப்பை. சமன் செய்தால் 41தான். அங்கே அவர்கள் ஜெயித்தால் 42. ஈஸ்ட் பெங்கால் 2003-04க்குப் பிறகு அதுவரை தேசிய லீக் பட்டத்தைத் தொடாத அணி, 1920-ல் தொடங்கிய கிளப். அந்தப் பசி சாதாரணப் பசி இல்லை. அவர்கள் ஆடியது கோழிக்கோட்டில், கோகுலம் கேரளாவோடு. இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில்.

ஏன் ஒரே நேரத்தில் என்று ஒர்க்ஷாப் தம்பி கேட்டான். திண்டுக்கல் தாண்டுகிற வரை அவனுக்கு அந்தக் கதையைத்தான் சொன்னேன். 1982 உலகக் கோப்பை, ஸ்பெயினில் கிகோன் என்ற ஊர். அல்ஜீரியா தன் ஆட்டங்களை முந்தின நாளே முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடுகின்றன. ஜெர்மனி ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் இரண்டு பேருமே அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடமே ஜெர்மனி கோல் போட்டது. அப்புறம் மிச்ச நேரம் முழுக்க இரண்டு அணியும் பந்தைப் பின்னாலேயே உருட்டிக்கொண்டிருந்தன. பார்க்க வந்தவர்கள் காறித் துப்பாத குறை. 1986 உலகக் கோப்பையிலிருந்து பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைத்துவிட்டார்கள். “ரெண்டு பக்கமும் கள்ள ஆட்டம் ஆடக்கூடாதுன்னு, அப்படித்தானண்ணே?” என்றான். அப்படித்தான். ஆனால் அதன் பலன் கேலரியில் உட்கார்ந்தால்தான் தெரியும்: கண் ஒரு ஆட்டத்தில், காது இன்னொரு ஆட்டத்தில்.

சிங்காநல்லூரில் இறங்கி டவுன் பஸ் மாறி, வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்தில் போய் இறங்கினோம். நேரு ஸ்டேடியம் வெளியிலிருந்து பார்த்தால் கடைவீதி மாதிரிதான், சுற்றுச்சுவர் முழுக்கக் கடைகள். உள்ளே மைதானத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயப் பாதை ஓடுகிறது. அதனால் பந்து நமக்கு ரொம்பத் தூரம். கோல் கம்பத்துக்கு முன்னால் கும்பல் கூடினால் எந்தக் கால் யாருடையது என்றே தெரியாது. டி.வி.யில் இதைவிட நூறு மடங்கு நன்றாகத் தெரியும், அதை நான் மறுக்க மாட்டேன்.

உட்கார்ந்து வேட்டியைச் சரி செய்வதற்குள், மூன்றாவது நிமிடத்திலேயே எதிரணி மினர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. ரோலண்ட் பிலாலா. போன வருஷச் சாம்பியனாச்சே, சும்மாவா விடுவார்கள்! கேலரியில் மேளம் நின்றுபோனது. பத்தாயிரக்கணக்கில் சத்தம் போடக்கூடிய இடத்தில் அமைதி விழுந்தால் அது சாவு வீட்டு அமைதி இல்லை. கரண்ட் போன வீட்டு அமைதி. இப்போது வந்துவிடும், இப்போது வந்துவிடும் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது.

பாதி ஆட்டம் வரை வரவில்லை. இடைவேளையில்தான் நாங்கள் அந்தக் காரியத்தைச் செய்தோம். பாதிக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும். நம்ம ஆட்கள் தாக்கப்போகிற பக்கத்துக்கு நாமும் போய்விடலாம் என்று எழுந்து நடந்தோம். மச்சான் டீ வாங்கப் போனவர் எங்களைத் தவறவிட்டு, பழைய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வழக்கின் வேர் இதுதான்.

56-வது நிமிடம் பெனால்டி. எதற்கு என்று எங்கள் வரிசையில் யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அடித்தது பெட்ரோ மான்சி. அந்த சீசனில் 21 கோல் போட்ட ஆள். 1-1. 69-ல் கௌரவ் போரா, அசாம் பையன், 2-1. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்துக் குலுக்கியதில் பனியன் தையல் விட்டது. அவர் யாரோ, எந்த ஊரோ.

அதற்கப்புறம்தான் காது வேலை செய்ய ஆரம்பித்தது. மைதானத்தில் ஒன்றுமே நடக்காதபோது கேலரியின் ஒரு மூலையில் ஆரவாரம் கிளம்பும். கோழிக்கோட்டில் கோகுலம் கோல் போட்டிருக்கும். ஆடுகிறவர்களே திரும்பிப் பார்ப்பார்கள். அப்புறம் போனைப் பார்த்த ஒருவன் முகம் சுருங்கும், அந்தச் சுருக்கம் வரிசை வரிசையாக எங்களிடம் வந்து சேரும். ஈஸ்ட் பெங்கால் ஒன்று போட்டது. இன்னொன்றும் போட்டது. இப்போது மினர்வா இங்கே ஒரே ஒரு கோல் திருப்பினால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். ஒர்க்ஷாப் தம்பி குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “முடிஞ்சதும் சொல்லுங்கண்ணே” என்றான்.

கூடுதல் நேரத்தின் மூன்றாவது நிமிடம் போரா மறுபடி அடித்தார். 3-1. கடைசிக் கணக்கு 43க்கு 42. தமிழ்நாட்டு கிளப் ஒன்று ஐ-லீக் வென்றது அதுவே முதல் தடவை.

ராத்திரி திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர், “யாருண்ணே ஜெயிச்சது?” என்று கேட்டார். “சென்னை.” “கோயம்புத்தூர்லயா?” “ஆமா.” “கோல் போட்டது?” “அசாம்காரர், ஒரு வெளிநாட்டுக்காரர்.” “கோச்சு?” “சிங்கப்பூர், அக்பர் நவாஸ்.” “நீங்க?” “மதுரை.” அவர் விசிலை ஊதிவிட்டு முன்னால் போய்விட்டார்.

பஸ்ஸில்தான் எங்களுக்கு ஆட்டமே முழுசாகக் கிடைத்தது. தம்பி பார்க்காததை நான் சொன்னேன், எனக்குத் தெரியாததை மச்சான் சொன்னார். எங்கே மூன்று பேர் பார்த்ததும் ஒட்டவில்லையோ அங்கே குரல் உயர்ந்தது. தாராபுரம் வரை பெனால்டி, ஒட்டன்சத்திரம் வரை போரா.

அதே வருஷம் மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக்கை எடுத்தார்கள். சொந்த ஊர் அணி. அதை நாங்கள் இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டோம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

சென்னை சிட்டியில் நவம்பரில் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. 2020 போகி அன்று ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டம். அகமதாபாத்தில் நடந்தது, பஹ்ரைனின் ரிஃபாவிடம் 0-1 தோல்வி. 2021-22 ஐ-லீக் பட்டியலில் அணியே இல்லை. பந்துக்குக் காற்றடிக்க வரும் பையன்களுக்கு அந்தப் பெயரே தெரியாது; மெஸ்ஸி சட்டை, ரொனால்டோ சட்டை.

மச்சான் மட்டும் இன்னும் விடவில்லை. மூன்றாவது கோல் தன் முன்னால்தான் விழுந்தது, போரா ஓடி வந்ததைத் தன் கண்ணால் பார்த்தேன் என்கிறார். நம்ம மூன்று கோலும் இரண்டாம் பாதியில் விழுந்தவை, அப்படியானால் மூன்றும் ஒரே பக்கம்தானே, நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம்தானே என்று நான் கேட்டால், “நீ என்னடா ரூல் பேசுற” என்பார். வீடியோ போனிலேயே கிடைக்கும். ஒரு நிமிஷ வேலை. இருவருமே இதுவரை போட்டுப் பார்க்கவில்லை.