நுரையை நம்பலாமா?

வாளியில் சோப்புத் தூளைப் போட்டுக் கலக்குகிறோம். நுரை பொங்கினால் மனசு நிறைகிறது. பொங்காவிட்டால் இன்னொரு கை அள்ளிப் போடுகிறோம். அழுக்கை எடுப்பது நுரைதான் என்ற நம்பிக்கை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு. அது சரியா என்று வாளிக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம்.

சட்டைக் காலரில் படிவது பெரும்பாலும் உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கு. தூசி அதில்தான் ஒட்டிக்கொள்கிறது. வெறும் தண்ணீர் பட்டால் பிசுக்கு அசையாது. சோப்புத் தூளில் சர்ஃபாக்டன்ட் என்றொரு பொருள் இருக்கிறது. அதன் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு சேரும். மறுமுனை எண்ணெயோடு சேரும். இரு வீட்டாருக்கும் வேண்டிய கல்யாணத் தரகர் மாதிரி, சேராத இரண்டையும் அது சேர்த்து வைக்கிறது. பிசுக்கு பொடிப்பொடித் துளிகளாகப் பிரிந்து, துணியை விட்டுத் தண்ணீருக்கு வந்துவிடுகிறது.

இத்தனையும் தண்ணீருக்குள்ளே, நூலிழையை ஒட்டி நடக்கிற வேலை. மேலே மிதக்கும் நுரையோ, காற்றை அடைத்துக்கொண்ட மெல்லிய நீர்ப்படலம். தண்ணீரில் சர்ஃபாக்டன்ட் இருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

அப்படியானால் போர்வெல் தண்ணீரில் மட்டும் ஏன் நுரை வருவதில்லை? அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொள்கின்றன. வாளியின் உட்புறம் வழவழவென்று படியும் வெள்ளைப் படிவு இப்படி வீணான சோப்புதான். எண்ணெயில் செய்த பழைய வகைக் கட்டி சோப்புக்கு இந்தத் தொல்லை அதிகம். சலவைத் தூள் இதைத் தாக்குப்பிடிக்கும். அதில் சேர்க்கும் சலவைச் சோடா முதலில் கால்சியத்தைக் கவனித்துக்கொள்ளும். ஆகவே உப்புத் தண்ணீருக்குத் தூள் சற்றுக் கூடுதலாகப் போடுவது நியாயம். மழைத் தண்ணீருக்கோ ஆற்றுத் தண்ணீருக்கோ அதே அளவு வேண்டாம். மிஞ்சிய தூள் அலசலில் முழுதாகப் போகாது. துணி விறைக்கும், குழந்தைகளுக்கு அரிப்பும் வரலாம். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினில் துணி உயரப் போய் விழுந்துதான் வெளுக்கிறது. நுரை நிறைந்தால் விழும் வேகம் குறைந்துவிடும். அதற்கான தூளைக் குறைவாக நுரைக்கும்படி தயாரிப்பது இதனால்தான்.

நுரையைவிட ஊறும் நேரம் நன்றாக உதவும். பல தூள்களில் என்சைம் இருக்கிறது. ரத்தம், பால், வியர்வைக் கறைகளில் உள்ள புரதத்தை அது நறுக்கிவிடும். அரை மணி நேரம் ஊற விடுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம்: என்சைம் செயலிழக்கும், ரத்தக் கறை உறைந்து இழையோடு ஒட்டிக்கொள்ளும். பட்டே புரதம் என்பதால் பட்டுச்சேலையை இந்தத் தூளில் போடக்கூடாது. சாம்பார் சிந்திய வேட்டியில் சோப்பு பட்டதும் கறை சிவக்கிறதே, பதற வேண்டாம். காரம் பட்டால் மஞ்சள் நிறம் மாறும். நன்றாக அலசி வெயிலில் போட்டால் மெல்ல வெளுத்துவிடும்.

நுரை மேல் உள்ள இந்த நம்பிக்கை வாளியோடு நின்றால் செலவு மட்டும்தான் கூடும். கழிப்பறையில் அது உயிருக்கே ஆபத்து. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் பொங்கி நுரைக்கும். பார்ப்பவருக்குப் பிரமாதமாக வேலை செய்வதாகவே தோன்றும். அந்தப் பொங்கலில் கிளம்புவது குளோரின் வாயு. கண்ணையும் நுரையீரலையும் எரித்துவிடும். சின்ன அறையில், கதவை மூடிக்கொண்டு சுத்தம் செய்பவருக்கு மூச்சே அடைத்துப்போகலாம். கடையில் விற்கும் கழிப்பறைத் திரவங்கள் பலவற்றிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதால், அவற்றோடும் பிளீச் சேரக்கூடாது. ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் எடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் இதை இன்றே சொல்லிவிடுங்கள்.