படச்சுருளும் நினைவக அட்டையும்: டிஜிட்டல் கமெராவின் நன்மைகள்



"ஃபிலிம் கமெராவுடன் ஒப்பிடும்போது டிஜிட்டல் கமெராவின் நன்மைகளை விளக்குக" என்று வினா வந்தால், பலர் "இலகுவானது, விரைவானது, மலிவானது" என மூன்று சொற்களை எழுதிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். அது பட்டியலே தவிர விளக்கம் அன்று. இரண்டு கமெராக்களும் தொழிற்படும் விதத்தை விளங்கிக்கொண்டால் நன்மைகளை மனனம் செய்யத் தேவையில்லை.

1. தொழிற்படும் விதம்

இரண்டிலும் வில்லை உண்டு. ஒளியை உள்ளே விடும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் ஷட்டரும் உண்டு. ஒளி எதன்மீது விழுகின்றது என்பதே வேறுபாடு.

ஃபிலிம் கமெராவில் வெள்ளி புரோமைட்டு போன்ற வெள்ளிச் சேர்வைகள் பூசப்பட்ட படச்சுருளில் ஒளி விழும். அதில் பதியும் உருவம் கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் இரசாயனக் கரைசல்களில் கழுவிய பின்னரே நெகடிவ் கிடைக்கும். அதிலிருந்து தாளில் படம் அச்சிடப்படும்.

டிஜிட்டல் கமெராவில் ஒளியுணரி உண்டு. அதிலுள்ள இலட்சக்கணக்கான நுண்ணிய கலங்கள் ஒளியை மின்னேற்றமாக மாற்றுகின்றன. அது எண்களாக்கப்பட்டு நினைவக அட்டையில் கோப்பாகச் சேமிக்கப்படுகின்றது. படம் எண்களாக இருப்பதே பின்வரும் நன்மைகள் பலவற்றுக்கும் அடிப்படை.

2. நன்மைகள்

(அ) உடனே பார்க்கலாம். நான் தரம் 9 இல் கற்றபோது சீகிரியாவுக்குச் சுற்றுலா சென்றோம். இரவல் வாங்கிய ஃபிலிம் கமெராவில் 36 படங்கள் எடுத்தோம். ஒரு கிழமை கழித்து ஸ்ரூடியோவில் கேட்டபோது ஒரு படமும் இல்லை. சுருளின் நுனி பற்சில்லில் சரியாகக் கொழுவப்படாததால் சுருள் நகரவே இல்லையாம். அன்று எங்களோடு மலையேறிய நண்பன் மறுவருடம் வேறூருக்குப் போய்விட்டான். அவனோடு எடுத்த படம் இன்றுவரை என்னிடம் இல்லை. டிஜிட்டல் கமெராவாக இருந்திருந்தால் முதற் படத்திலேயே பிழையைக் கண்டு திருத்தியிருப்போம்.

(ஆ) ஒரு படத்திற்கான செலவு குறைவு. சாதாரண சுருளில் 24 அல்லது 36 படங்களே எடுக்கலாம். சுருள் வாங்க, கழுவ, அச்சிட எனத் தனித்தனியே பணம் வேண்டும். நினைவக அட்டையிலோ வேண்டாத படத்தை அழித்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தேர்த் திருவிழாவில் பஞ்ச இரதங்களையும் எடுக்க விரும்புபவர் படங்களை எண்ணி எண்ணி எடுக்க வேண்டியதில்லை.

(இ) ஒளிக்கேற்ப மாற்றலாம். ஒரு சுருளின் ஒளியுணர்திறன் 100, 200, 400 என முன்னரே தீர்மானிக்கப்பட்டது. தம்புள்ளைக் குகை விகாரையின் வெளியே நல்ல வெயில், உள்ளே இருள். பழைய சுவரோவியங்களுக்கு முன்னால் பிளாஷ் அடிப்பதும் தகாது. டிஜிட்டல் கமெராவில் ஒவ்வொரு படத்திற்கும் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் மிகவும் கூட்டினால் படத்தில் புள்ளிகள் தோன்றும்.

(ஈ) தரம் குறையாமற் பிரதி எடுக்கலாம். 2004 ஆழிப்பேரலையில் கரையோர மக்கள் பலர் வீட்டோடு குடும்ப அல்பங்களையும் இழந்தனர். இறந்தவரின் முகத்தைக் காட்ட ஒரு படமும் இல்லாமற் போவது எத்துணை துயரம்! டிஜிட்டல் கோப்பைப் பல இடங்களில் வைத்தால் ஒன்று அழிந்தாலும் மற்றொன்று மிஞ்சும். 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் இவ்வாறே எண்மப்படுத்திக் காத்து வருகின்றது.

(உ) அனுப்பலாம், திருத்தலாம். வெளிநாட்டிலுள்ள உறவினருக்குச் சில நொடிகளில் அனுப்பலாம். எடுத்த திகதியும் நேரமும் கோப்பிலேயே பதிவாகும்.

3. குறைபாடுகள்

மின்கலம் தீர்ந்தால் கமெரா இயங்காது. அட்டை பழுதடைந்தால் அதிலுள்ள எல்லாப் படங்களும் ஒருங்கே அழியக்கூடும். கமெராவின் விலையும் அதிகம். நன்கு பேணப்பட்ட நெகடிவ் பல்லாண்டுகள் நிலைக்கும்; அதைப் பார்க்கக் கணினி தேவையில்லை. ஆகவே பிரதி எடுத்து வைக்காதவருக்கு (ஈ) இல் கூறிய நன்மை கிடைக்காது.

4. நினைவிற் கொள்க

• 1969: வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் சிமித் ஆகியோர் சீசீடி எனும் ஒளியுணரிக்கு வழிவகுத்தனர். 2009 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.
• 1975: கொடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் முதலாவது டிஜிட்டல் கமெராவை உருவாக்கினார். நிறை ஏறத்தாழ 3.6 கிலோகிராம். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கசெட் நாடாவில் பதிய 23 செக்கன்கள் எடுத்தன.
• 2012: ஃபிலிம் வியாபாரத்தை நம்பியிருந்த அதே கொடாக், வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது.

5. விடை எழுதும் முறை

ஒவ்வொரு நன்மையையும் "காரணம், விளைவு, உதாரணம்" என்ற ஒழுங்கில் எழுதுங்கள். உதாரணம்: "படம் கோப்பாகச் சேமிக்கப்படுவதால் (காரணம்) தரம் குறையாமற் பிரதி எடுக்கலாம் (விளைவு), குடும்பப் படங்களைக் கணினியிலும் வேறோர் அட்டையிலும் வைக்கலாம் (உதாரணம்)." இறுதியில் ஒரு குறைபாட்டையும் குறிப்பிட்டால் விடை நடுநிலையாக அமையும்.

பயிற்சி

1. நெகடிவ் என்றால் என்ன? அது எவ்வாறு பெறப்படுகின்றது?
2. உங்கள் வீட்டிலுள்ள பழைய புகைப்படம் ஒன்றைத் தெரிவுசெய்க. அதற்கு எத்தனை பிரதிகள் உள்ளன? அதைப் பாதுகாக்க நீங்கள் செய்யக்கூடிய இரண்டு செயல்களை எழுதுக.

இரண்டாம் வினாவுக்கு விடை எழுதினால் மட்டும் போதாது. இன்றே கைத்தொலைபேசியால் அந்தப் படத்தைப் பிரதி எடுத்து விடுங்கள்.