சூரியகாந்தியின் தாய்வழிச் சீதனம்

கடையில் வாங்கிய குவாச்சிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஊர்க்கதை பேசியபடியே கொறிக்கிறீர்களே, அந்தக் கோடு போட்ட சூரியகாந்தி விதைக்கும் அதன் உடன்பிறப்பான கறுப்பு எண்ணெய் விதைக்கும் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது தெரியுமா?

சூரியகாந்தியின் பிறந்தகம் வட அமெரிக்கா. காட்டுச் செடியில் கிளைக்குக் கிளை சின்னச் சின்னப் பூக்கள்தான். அங்குள்ள பழங்குடி மக்கள் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே, பெரிய பூவின் விதையாகப் பார்த்து எடுத்து விதைத்து, ஒரே தண்டில் ஒரே பெரிய தலை என்று ஆக்கிவிட்டார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். வெகுநாள் அது வெறும் அழகுப் பூ. 1829-ஆம் ஆண்டு வாக்கில் ரஷ்யாவின் அலெக்சேயெவ்கா என்ற ஊரில் பொக்கார்யோவ் என்பவர் அதிலிருந்து எண்ணெய் பிழிந்து காட்டினார். அவர் ஒரு பண்ணையடிமை என்பதைக் கவனியுங்கள்!

பிறகு வந்தார் புஸ்தோவோய்த். 1912-இல் இன்று கிராஸ்னோடார் எனப்படும் நகருக்கு அருகே வேலை தொடங்கிய அவர், 1972-இல் மறையும்வரை சூரியகாந்தியை விடவில்லை. நல்ல பூ ஒவ்வொன்றின் விதையையும் இரண்டு பங்காக்குவார். ஒரு பங்கை விதைத்து எண்ணெயை அளப்பார். மறுபங்கைப் பத்திரமாக வைத்திருப்பார். எந்தத் தாயின் பிள்ளைகள் தேறினவோ, அந்தத் தாயின் சேமித்த விதை மட்டுமே அடுத்து மண்ணுக்குப் போகும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் விதையில் மூன்றில் ஒரு பங்கு போல இருந்த எண்ணெய், பாதி அளவுக்கு ஏறியது.

இனிக் கலப்பினம். செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. நர்சரியில் நீங்கள் நீர் ஊற்றும் தெனெராக் கன்று, தடித்த ஓடுள்ள டூராத் தாய்க்கும் ஓடில்லாத பிசிஃபெராத் தந்தைக்கும் பிறந்தது. செம்பனையில் ஆண்பாளை வேறு, பெண்பாளை வேறு. பெண்பாளைக்குப் பையைக் கட்டி, வேண்டிய மகரந்தத்தை ஊதிவிட்டால் ஆயிற்று. சூரியகாந்தியில் அது நடக்குமா? ஒரே தலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிப் பூக்கள். ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருக்கின்றன. ஆண் உறுப்பை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க எந்தக் கைக்கு முடியும்?

இந்த முடிச்சை அவிழ்த்தவர் பிரான்சின் லெக்லேர்க். காட்டுச் சூரியகாந்தி இனம் ஒன்றைத் தாயாக வைத்துப் பயிரோடு சேர்த்தார். அந்த வம்சத்தில் மகரந்தமே இல்லாத செடிகள் தோன்றின. 1969-இல் இதை அவர் வெளியிட்டார். உயிரணுவின் உட்கருவுக்கு வெளியே இருக்கும் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்தே பிள்ளைக்கு வரும். மகரந்தம் இல்லாத குணம் அதில் தங்கியிருந்ததால், தாய்வழிச் சீதனம்போல் தலைமுறை தலைமுறையாக இறங்கியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் கின்மன், பிள்ளைக்கு மகரந்தத்தை மீட்டுத் தரும் தந்தைச் செடியைக் கண்டறிந்தார். இரண்டையும் வரிசை மாற்றி நட்டால் போதும். மிச்சத்தைத் தேனீ பார்த்துக்கொள்ளும். இந்தியாவில் பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1980-இல் பி.எஸ்.எச்.-1 என்ற கலப்பினத்தை வெளியிட்டது.

விளைச்சல் கூடியது, விதைப்பானை காலியானது. கலப்பினச் செடியின் விதையை எடுத்து விதைத்தால் குணம் பிரிந்துபோகும். தெனெரா மரங்களுக்கடியில் உதிரிப் பழம் முளைத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஏறத்தாழ நான்கில் இரண்டுதான் தெனெரா. ஒன்று டூரா, ஒன்று பிசிஃபெரா. அதனால்தான் அவற்றை யாரும் நடுவதில்லை. ஆகவே சூரியகாந்தி விவசாயி ஒவ்வொரு பருவமும் காசு கொடுத்து விதை வாங்க வேண்டியவரானார்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. உலகின் கலப்பினங்களில் பெரும்பாலானவை லெக்லேர்க்கின் அந்த ஒரே தாய்வழியில் வந்தவை. 1970-இல் அமெரிக்க மக்காச்சோளத்துக்கு நேர்ந்தது இதுதான்: ஒரே தாய்வழிக் கலப்பினங்களைத் தேடித் தாக்கிய இலைக்கருகல் நோய், விளைச்சலில் 15 விழுக்காட்டை விழுங்கியது. எனவேதான் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரிலுள்ள விதை வங்கியில் காட்டுச் சூரியகாந்தி விதைகளைக் குளிரூட்டி வைத்திருக்கிறார்கள்.

தோட்டத்தில் மருந்தடிப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1996-இல் கான்சாஸ் மாநிலத்துச் சோயா வயல் ஒன்றில், களைக்கொல்லி தெளித்தும் சாகாத காட்டுச் சூரியகாந்திச் செடிகள் நின்றன. விவசாயிக்கு அவை தலைவலி. ஆய்வாளர்களோ விதை சேகரித்துப் பயிரோடு சேர்த்தார்கள். அந்த மருந்தைத் தாங்கும் சூரியகாந்தி இப்போது வயலில் விளைகிறது.