மூன்றாம் வரிசை

எங்கள் குடும்பம் முதன்முதலில் ஏறிய பெரிய வண்டி எங்களுக்குச் சொந்தமானதல்ல. புக்கிட் தீமா மலையடிவாரக் குவாரியிலிருந்து சரளைக்கல் ஏற்றிப்போகும் லாரி அது. அப்பா அதை ஓட்டினார். தைப்பூசத்தன்று முதலாளியிடம் கேட்டு வாங்கி, பின்தட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, கோணிச்சாக்கு விரித்து, எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு டேங்க் ரோட்டுக் கோயிலுக்குப் புறப்படுவார்.

புக்கிட் பாஞ்சாங்கை அப்போது பத்தாங்கட்டை என்போம். நகரத்திலிருந்து பத்து மைல். மைலுக்கு எங்கள் பேச்சில் கட்டை. புக்கிட் தீமாவிலிருந்து வரும் சாலை அங்கே பிரிந்து ஒரு கை உட்லண்ட்ஸ் வழியாக ஜொகூருக்கும், இன்னொரு கை சுவா சூ காங் பக்கமும் போகும். ஊருக்குள் கம்பத்து வீடுகள், பன்றி, கோழிப் பண்ணைகள், குவாரி லாரிகள் கிளப்பும் செம்மண் புழுதி. கிரீன் பஸ் கம்பெனி வண்டி வந்தால் வெளியூர்ப் பயணம், இல்லாவிட்டால் நடை. 1971இல் அந்தச் சிறு கம்பெனிகளை இணைத்தார்கள். 1973இல் எல்லாம் சேர்ந்து சிங்கப்பூர் பஸ் சர்வீஸ் ஆயிற்று. பஸ் ஒன்றானாலும் எங்கள் வீட்டார் ஒரே பஸ்ஸில் ஏறுவது அபூர்வம். அம்மா அப்பா, பாட்டி, பிள்ளைகள் ஆறு பேர், எங்களோடு தங்கியிருந்த சித்தப்பா. பத்துப் பேர்.

லாரியில் யார் எங்கே உட்காருவது என்பதில் மட்டும் சண்டையே வந்ததில்லை. முன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில் பாட்டி. பாட்டி மடியில் ஆகக் கடைசிக் குழந்தை. மற்ற எல்லாரும் பின்னால். ஏறும் படி உயரம் என்பதால் சித்தப்பா ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்து கீழே போடுவார். பாட்டி அதில் கால்வைத்து ஏறி உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்ட பிறகுதான் அப்பா சாவியைத் திருப்புவார். அந்த மரப்பெட்டியை நான் பல வருடம் நினைத்துப் பார்த்ததில்லை. போன வருடம் மகள் வண்டி வாங்கப் புறப்பட்டபோதுதான் அது மனதுக்குத் திரும்ப வந்தது.

லாரிப் பயணத்தை ஏக்கத்தோடு சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு திடீர் பிரேக்கில் எங்கள் குடும்பமே சாலையில் சிதறியிருக்கும். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வரும் தம்பிமார் இன்றும் லாரிப் பின்தட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போவதைக் காலையில் மேம்பாலத்திலிருந்து பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. என் பேரப்பிள்ளையை உட்காரவைக்கத் துணியாத இடத்தில் இன்னொருவர் வீட்டுப் பிள்ளை உட்காரலாகாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ‘இரண்டு போதும்’ என்று அரசாங்கம் சுவரொட்டி ஒட்டியது. அம்மாவுக்கு அப்போது ஆறு பிள்ளை பிறந்தாகிவிட்டது. எண்பதுகளில் கம்பங்கள் கலைந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள் எழுந்தன. சில காலம் ஊரின் பெயர்கூட செங்ஹுவா என்று மாறி, பிறகு பழைய பெயரே திரும்பியது. சித்தப்பா பழைய டாட்சன் ஒன்று வாங்கினார். ஐந்து பேருக்கான காரில் எட்டுப் பேர் போவோம். பின்னிருக்கையில் இருப்பவர்களும் வார் போடவேண்டும் என்ற சட்டம் 1993இல்தான் வந்தது. அதுவரை மடிதான் குழந்தை இருக்கை.

அந்த எட்டுப் பேருக்கு அரசாங்கமே ஒரு சலுகை தந்தது என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகள் நம்புவதில்லை. 1975 ஜூனில் நகர மையத்துக்குள் காலை நேரத்தில் கார் நுழையக் கட்டண வில்லை வேண்டும் என்ற திட்டம் வந்தது. காரில் நான்கு பேரோ அதற்கு மேலோ இருந்தால் கட்டணம் இல்லை. தனியாக ஓட்டிவருகிறவர்கள் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு போவார்கள், தலைக்கணக்குக்காக. எங்களுக்கு அந்தக் கவலையே இருந்ததில்லை. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் காலை முகூர்த்தம் என்றால் சித்தப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வளைவுக்குள் நுழைவார். நிறைந்த வண்டிக்கு மதிப்பு இருந்தது. 1989இல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். 1998இல் மின்னியல் சாலைக் கட்டணம் வந்தபோது, உள்ளே ஒருவர் இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும் ஒரே தொகை என்றாகிவிட்டது.

1987இல் ‘மூன்று, முடிந்தால் அதற்கு மேலும்’ என்று கொள்கை திரும்பியது. எனக்கும் என் மனைவிக்கும் இரண்டோடு நின்றது. 2023இல் சிங்கப்பூரில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.97 பிள்ளை. 2025 வரவு செலவுத் திட்டத்தில், பிப்ரவரி 18 முதல் பிறக்கும் மூன்றாம் பிள்ளைக்கும் அதற்கடுத்த பிள்ளைகளுக்கும் கூடுதல் உதவி அறிவித்தார்கள். திட்டத்தின் பெயரே பெரிய குடும்பங்களுக்கான திட்டம். என் மூன்றாவது பேரக்குழந்தை மார்ச்சில் பிறந்தது. ஆறு பெற்ற அம்மாவை யாரும் பெரிய குடும்பக்காரி என்று சொன்னதில்லை. மூன்று பெற்ற என் மகள் இன்று பெரிய குடும்பத்துக்காரி.

நாங்கள் இருவர், மகள், மருமகன், பிள்ளைகள் மூவர். ஏழு பேர், ஒரே வீடு. ஏழு இருக்கை வண்டி வாங்கினால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

முடியவில்லை. 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைக்கு அதற்கேற்ற இருக்கை வேண்டும் என்பது இங்கே சட்டம். எட்டு வயதுப் பேரனும் அந்த உயரத்தைத் தொடவில்லை. ஆக மூன்று பிள்ளைக்கும் மூன்று குழந்தை இருக்கை. டொயோட்டா சியென்டா போன்ற சிறிய ஏழு இருக்கை வண்டியில் முன்னால் இரண்டு, நடுவில் மூன்று, பின்னால் இரண்டு. நடு வரிசையில் மூன்று குழந்தை இருக்கையை நெருக்கிப் பார்த்தோம், கதவு பக்கத்து இருக்கை சாய்ந்து நின்றது. இரண்டு மட்டும் வைத்தால் வேறு தொல்லை. பின் வரிசைக்குப் போக நடு இருக்கையை மடக்கவேண்டும். குழந்தை இருக்கை கட்டியிருந்தால் மடங்காது. மூன்றாம் வரிசைக்கு வழியே இல்லை. அப்படியே ஏழு பேரும் உட்கார்ந்துவிட்டாலும் பின்னால் சாமான் வைக்கக் கையகல இடம். குழந்தையின் தள்ளுவண்டி யார் மடியில்?

லெங் கீ சாலைக் காட்சிக்கூடங்களில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. திரை எவ்வளவு பெரியது, விளக்கு எத்தனை நிறம் என்பார்கள். ஏழு பேரையும் ஒன்றாக ஏற்றி உட்காரவைத்துப் பாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. நாங்களாகத்தான் குழந்தை இருக்கைகளைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போனோம். வண்டி வாங்கப் போகிற எவருக்கும் நான் சொல்லக்கூடிய ஒரே யோசனை அதுதான். இருக்கைகளைக் கொண்டுபோங்கள், பாட்டியையும் அழைத்துப்போங்கள்.

எங்களுக்குத் தேவைப்பட்டது நடு வரிசையில் இரண்டு தனித்தனி இருக்கை, நடுவே நடந்துபோக ஓரடி வழி, பின்னால் மூவர். டொயோட்டா நோவாவில் அந்த அமைப்பு உண்டு. பக்கக் கதவுகள் சறுக்கித் திறப்பவை. வீவக அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் ஒரு கட்டம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம்; பக்கத்து வண்டி ஒட்டி நிற்கும்போது விரித்துத் திறக்கும் கதவால் பிள்ளையைத் தூக்கி இறக்கிப் பார்த்தவர்களுக்குச் சறுக்குக் கதவின் அருமை தெரியும். ஆல்ஃபர்டு வேண்டுமென்று மருமகனுக்கு ஆசைதான். கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் நீளம் அது. எங்கள் புளோக்கின் கட்டத்தில் மூக்கு வெளியே நிற்கும்.

அந்த ஓரடி வழிக்கு விலை உண்டு. கார் வைத்துக்கொள்ளும் உரிமையையே 1990 மே முதல் இங்கே ஏலத்தில் எடுக்கவேண்டும். சிஓஇ, அதாவது வாகன உரிமைச் சான்றிதழ், பத்து ஆண்டுக்குச் செல்லும். 1600 சிசி, 97 கிலோவாட் இரண்டுக்கும் உட்பட்ட பெட்ரோல் கார் ஏ பிரிவு. அதில் ஒன்றைத் தாண்டினாலும் பி பிரிவு. 2008 நவம்பரில் ஏ பிரிவுச் சான்றிதழ் வெறும் இரண்டு வெள்ளிக்குப் போனது என்பதை மகளிடம் சொன்னேன், சிரித்தாள். 2023 அக்டோபரில் ஏ பிரிவு 106,000 வெள்ளி, பி பிரிவு 150,001 வெள்ளி. காருக்கு அல்ல, உரிமைக்கு மட்டும். சியென்டா ஹைபிரிட் 1.5 லிட்டர் என்பதால் ஏ. நோவா ஹைபிரிட் 1.8 என்பதால் பி. நடுவில் உள்ள வித்தியாசம் அந்த மாதக் கணக்கில் 44,001 வெள்ளி. அந்த 1.8 லிட்டரை எங்களில் யாரும் வேகத்துக்காகக் கேட்கவில்லை, பாட்டி தலையை மட்டும் குனிந்து உள்ளே போகும் உயரத்துக்காகக் கேட்டோம். இயந்திரத்தின் அளவை வைத்து வசதியை அளக்கும் முறையில் பிள்ளைக் கணக்குக்கு இடமில்லை. மூன்றாம் பிள்ளையைப் பெறச் சொல்லும் நாடு அதையும் ஒருநாள் யோசிக்கவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

பெரிய வண்டி எதற்கு, ரயில் இல்லையா என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1999 நவம்பரில் இலகு ரயில் எங்கள் புளோக்குகளைச் சுற்றி ஓட ஆரம்பித்தது. வீடுகளை நெருங்கும்போது ஜன்னல் கண்ணாடி தானாகவே மங்கிவிடும். 2015 டிசம்பரில் டௌன்டவுன் பாதை வந்தபின், பத்தாங்கட்டையிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ரயில் மாறாமலே போகிறோம். பழைய ஃபோர்டு தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஹியூம் நிலையமும் 2025 பிப்ரவரியில் திறந்தது. தென்கிழக்காசியாவின் முதல் கார் ஒன்றிணைப்புத் தொழிற்சாலை இருந்த சாலையில் இன்று காரில்லாமல் வாழ முடிகிறது. அது எனக்குப் பெருமைதான். தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்க நானும் என் மனைவியும் இன்னமும் ரயிலில்தான் போகிறோம்.

ஆனால் இரவு ஒரு மணிக்குக் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் ஏறினால்? டாக்சிக்குக் குழந்தை இருக்கைச் சட்டத்தில் விலக்கு உண்டு, தனியார் வாடகைக் காருக்கு இல்லை. டாக்சி கிடைக்காவிட்டால் பாதி இரவில் குழந்தை இருக்கையோடு வரும் காரைத் தேடவேண்டும். உறவில் ஒரு சாவு என்றால் ஏழு பேர் இரண்டு வண்டியில் பிரிந்து போகவேண்டும், அழுகிறவர்கள் ஒன்றிலும் பிள்ளைகள் ஒன்றிலுமாக. ஜொகூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போவது இன்னொன்று. அந்தப் பயணங்களில்தான் எங்கள் குடும்பம் குடும்பமாகப் பேசிக்கொள்கிறது. வீட்டில் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு திரை.

பத்து ஆண்டு என்ற கணக்கும் எங்களை உறுத்தியது. புது வண்டியின் சிஓஇ முடியும்போது பெரிய பேரன் தேசிய சேவைக்குப் போயிருப்பான். கடைக்குட்டிக்குப் பத்து வயது. எங்கள் இருவரையும் பற்றிச் சொல்வதற்கில்லை. ஏழு பேரும் சேர்ந்து பயணம் செய்யப்போவது அதில் பாதிக்காலம் இருந்தால் பெரிது. மகள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. “நாலைஞ்சு வருஷம் மிச்சமிருக்கிற பழைய வண்டியே பாப்போமாப்பா?” என்று மட்டும் கேட்டாள். எனக்குப் புரிந்தது.

உபியில் ஒரு பழைய நோவா கிடைத்தது, 2020இல் பதிவானது. என் மனைவிக்கு வலது முழங்காலில் தேய்மானம். விற்பவர் விலையை ஆரம்பிக்கும் முன்பே அவள் கதவருகே போய்ப் படியைக் கையால் அளந்தாள், கைப்பிடியைப் பிடித்தாள், ஏறினாள். நடு வரிசையில் உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். மரப்பெட்டி தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு மருமகன் பேசிய பேரமெல்லாம் என் காதில் விழவே இல்லை.

முதல் பயணம் ஜொகூருக்கு. எல்லையைக் கடக்க எரிபொருள் முக்கால் பங்காவது இருக்கவேண்டும் என்பதால் முந்தின இரவே நிரப்பியாயிற்று. நடு வரிசையில் பாட்டியும் கைக்குழந்தையும். பின்னால் பேரனுக்கும் பேத்திக்கும் நடுவில் தான் உட்காருவதாக மகள் சொன்னாள். பிரசவமான உடம்பு; நீ முன்னால் போம்மா என்று நான் அந்த ஓரடி வழியாகப் பின்னால் நகர்ந்தேன். மூன்றாம் வரிசையில் தாத்தாவா என்று பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். இரண்டு குழந்தை இருக்கைகளுக்கு நடுவில் முட்டி இடிக்க உட்கார்ந்தேன். வார்ப்பூட்டு எங்கோ இருக்கை இடுக்கில் புதைந்திருந்தது. குனிந்து விரலால் துழாவினேன். பேத்தி, “இங்க இல்ல தாத்தா, அந்தப் பக்கம்” என்றாள்.

மருமகன் வண்டியை எடுக்காமல் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி இருந்தார்.

“மாட்டிட்டீங்களா மாமா?”

“இரு தம்பி, இதோ.”