நிறுத்த முடியாத ஆட்டம்



குடும்ப ஜெபத்திற்கு அழைத்தால், “ஒரு நிமிடம்” என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் எழுந்து வராத பிள்ளை இன்று எந்த வீட்டில் இல்லை? கீழ்ப்படியாமை என்று கடிந்துகொள்கிறோம், கைப்பேசியைப் பறிக்கிறோம், பிள்ளை கதறுகிறான். அந்த அரைமணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று மட்டும் நாம் விசாரிப்பதில்லை.

பப்ஜி விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய அரசு 2020 செப்டம்பர் 2 அன்று அதைத் தடைசெய்தது. 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் இந்தியாவுக்கென்றே அது மறுபடியும் வந்தது. நூறு பேர்வரை ஒரு தீவில் இறங்கி, ஒருவரோ ஓர் அணியோ மிஞ்சும்வரை போரிடுவார்கள். பெரிய தீவில் ஓர் ஆட்டம் முடிய ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும். எல்லாரும் ஒரே வேளையில் ஆடுவதால் ஒருவனுக்காக அதை நிறுத்திவைக்க வழியில்லை. நடுவில் எழுந்தவன் தன் அணியைக் கைவிட்டவனாகிறான்.

கொழிஞ்சாம்பாறையில் ஒரு வீட்டு ஜெபத்திற்குச் சென்றிருந்தேன். பெற்றோர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில். பையன் விடுமுறைக்கு அம்மிச்சி வீட்டில். “அதைக் கொஞ்சம் நிறுத்தி வெச்சுட்டு வா கண்ணு” என்றார் அந்தத் தாயார். “இதை நிறுத்த முடியாதுங்க அம்மிச்சி, நிறுத்தினா கூட ஆடுறவங்க திட்டுவாங்க” என்றான் பையன். சாக்குச் சொல்கிறான் என்று கூடியிருந்தோர் சிரித்தனர். அவன் சொன்னதோ முழு உண்மை.

நிறுத்தவிடாதது ஒரு வகை; ஆடவிடாமல் காக்க வைப்பது மற்றொரு வகை. 2012-இல் வெளிவந்த கேண்டி கிரஷ்ஷை நம் சகோதரிகள் சிலரும் அறிவார்கள் (யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை). அதில் ஐந்து உயிர்கள். ஐந்தும் போனால், ஓர் உயிர் திரும்பிவர முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும், அல்லது பணம் கொடுக்க வேண்டும். ஆவல் தணியாத அந்த நேரத்தில்தான் கடை திறக்கிறது.

2017 நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2’ விளையாட்டில், புகழ்பெற்ற ஒரு பாத்திரத்தைப் பெற 60,000 புள்ளிகள் சேர்க்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய நாற்பது மணி நேர உழைப்பு என்று கணக்கிட்டு ஆடுவோர் கொதித்தெழுந்தனர். நிறுவனம் 15,000 ஆகக் குறைத்தது. 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் கேம்ஸ், ஆடியவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக 24.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. ஒரு பொருளைப் பார்க்கப் போன விரல் பக்கத்துப் பொத்தானில் பட்டாலே வாங்கியதாகக் கணக்கு ஏறும்படி அமைத்திருந்தார்கள் என்பது அமெரிக்க அரசின் வணிக ஆணையம் சாட்டிய குற்றங்களுள் ஒன்று. ஆகவே இந்த எரிச்சல்களில் பல, கைத்தவறாக நேர்ந்த குறைகள் அல்ல. திட்டமிட்டு வைக்கப்பட்டவை.

வேதத்தில் இதற்கு ஒப்பானவன் லாபான். ராகேலுக்கென்று ஏழு ஆண்டு உழைத்த யாக்கோபு விடிந்தபோது கண்டது லேயாளை. ராகேலுக்காக இன்னும் ஏழு; பின்பு மந்தைக்காக ஆறு. அதிலும் கூலி பத்துத் தடவை மாறிற்று (ஆதியாகமம் 29, 31). பரிசு எப்போதும் கண்ணுக்கு முன்னே இருக்கும். கைக்கு எட்டும் வேளையில் விதி மாறும். யாக்கோபு சோம்பேறியாயிருந்து அகப்படவில்லை. ஆசையும் உழைப்பும் உள்ளவனாயிருந்தே அகப்பட்டான்.

ஆகையால், ‘விளையாட்டு ஆவி’ என்று சொல்லிப் பிள்ளையைச் சபை நடுவே நிறுத்தி அதட்டுவதை நான் ஏற்பதில்லை. ஜெபம் வேண்டும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பலர் முன்னிலையில் வெட்கப்படுத்தப்பட்ட பிள்ளை மறைவிடத்தைத் தேடுவான். கைப்பேசி அங்கேயும் கூட வரும். யாக்கோபு என்ன செய்தான்? தன் மனைவிமாரை வெளியிடத்துக்கு வரவழைத்து, லாபானின் நடத்தையை விவரமாக எடுத்துரைத்தான். நீங்களும் பிள்ளையை வெளியே அழைத்துச் சென்று, “உன்னை ஏன் காக்க வைக்கிறார்கள்? காக்க வைத்து எதை விற்கிறார்கள்?” என்று கேளுங்கள். தான் ஏமாற்றப்படுவதை அறிந்த வாலிபனுக்கு ரோஷம் பிறக்கும்.

ஜெபம் எட்டு மணிக்கென்றால், ஏழரைக்குப் பின் புதிய ஆட்டம் தொடங்குவதில்லை என்று அவனோடு பேசி முடிவுசெய்யுங்கள். தொடங்கிய ஆட்டத்தின் நடுவே பிடுங்காதீர்கள். எட்டு மணிக்கு நீங்களும் வீட்டில் இருக்க வேண்டும். இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் ஜெப நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி கைப்பேசியில் அமையுங்கள், யு.பி.ஐ. ரகசிய எண் பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணயம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கிறது. காக்க வைத்து விற்கும் கடையை அது மூடிவிடவில்லை.

உறக்கமும் படிப்பும் கெட்டு, மாதக்கணக்கில் நிலைமை மாறாவிட்டால் மருத்துவ ஆலோசனை தேடுங்கள். அது விசுவாசக் குறைவாகாது. பெங்களூரில் இருப்போருக்கு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே ஒரு பிரிவு இயங்குகிறது. கேரளத்தில் காவல்துறை 2023-இல் தொடங்கிய ‘டி-டாட்’ மையங்கள் பிள்ளைகளுக்கு இலவசமாக ஆலோசனை வழங்குகின்றன. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தாருக்குத் திருச்சூர் மையம் ஒருநாளில் போய்வரும் தூரந்தான்.