மீன் தொட்டி ஹீட்டர் சத்தம் போட்டால்

தொட்டிப் பக்கமிருந்து புதிதாக ஏதோ சத்தம் கேட்டால் முதலில் ஹீட்டரின் ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் கவனியுங்கள். ரீங்காரம் தொடர்ந்தால் அது ஏர் பம்ப் அல்லது ஃபில்டரின் வேலை. அவற்றின் அதிர்வு கண்ணாடியில் பரவி, சுவரோடு உரசி நிற்கும் ஹீட்டரையும் தடதடக்க வைக்கும். ஹீட்டரைப் பிடித்திருக்கும் ரப்பர் கப்புகள் நாளடைவில் இறுகிப் பிடிப்பை விட்டுவிடும். அவற்றை மாற்றினாலே சத்தம் அடங்கும்.

அணைத்ததும் சத்தம் நின்றால், அது எப்படிப்பட்ட சத்தம் என்று பார்க்க வேண்டும். வீடுகளில் அதிகம் இருப்பது கண்ணாடிக் குழாய் ஹீட்டர். கீழே பீங்கான் தண்டில் சுற்றிய நிக்ரோம் கம்பி, மேலே தெர்மோஸ்டாட். இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு தகடு சூட்டில் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறியதும் மறுபடி சேர்க்கும். இஸ்திரிப் பெட்டியிலும் இதே ஏற்பாடுதான். தகடு துண்டித்துச் சேர்க்கும்போது அவ்வப்போது வரும் ‘டிக்’ ஒலியால் ஆபத்து எதுவும் இல்லை.

சில நொடிக்கொரு முறை டிக் டிக்கென்று படபடத்தாலோ, உள்ளே பொரிவதுபோல் கேட்டாலோ கதை வேறு. தகட்டின் முனைகள் தேய்ந்து, அவற்றுக்கு நடுவே தீப்பொறி பறக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு பொறியும் உலோகத்தைக் கொஞ்சம் உருக்கும். கடைசியில் முனைகள் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் டிக் சத்தமே வராது, ஹீட்டரும் அணையாது. எனக்கு இந்த அமைதியை நினைத்தால்தான் மிகவும் பயம். குளிரில் வாடும் மீனைப் பெரும்பாலும் தேற்றிவிடலாம்; வெந்த மீனைக் காப்பாற்ற வழியில்லை. எனவே படபடக்கும் ஹீட்டரை இன்னும் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்காமல் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

வாட் கணக்கு இங்கேதான் முக்கியமாகிறது. 60 லிட்டர் தண்ணீரில் 100 வாட் ஹீட்டர் அணையாமல் ஓடினால், வெளியே கசியும் வெப்பத்தை விட்டுவிட்டால், மணிக்கு ஏறக்குறைய 1.4 டிகிரி ஏறும். 300 வாட் என்றால் 4 டிகிரிக்கு மேல். இரவில் ஒட்டிக்கொண்டால் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும், மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடும். “பெரிசா வாங்கிப் போடுங்க, சீக்கிரம் சூடாகும்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சென்னையில் மார்கழி இரவிலும் அறைக்குள் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. 60 லிட்டர் தொட்டிக்கு 50 வாட் போதும். ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் 100 வாட் தேவைப்படலாம். அதையும் இரண்டு 50 வாட் ஹீட்டராகப் போடுவது நல்லது. ஒன்று ஒட்டிக்கொண்டாலும் தொட்டியைக் கொதிக்க வைக்க அதற்குப் பலம் போதாது; ஒன்று நின்றுபோனாலும் மற்றொன்று ஓரளவு தாங்கும்.

‘சுர்ர்’ என்ற சத்தம் தண்ணீர் மாற்றிய பிறகு கொஞ்ச நேரம் வருவது சகஜம். கரைந்திருந்த காற்று சூட்டில் குமிழாக வெளியேறுகிறது. நாள் முழுவதும் நீடித்தால் குழாயைத் தண்ணீர் தொட்டு ஓடவில்லை, அல்லது உப்பு படிந்திருக்கிறது. போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இந்த வெள்ளைப் படிவு சீக்கிரமே வந்துவிடும். ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறிய பிறகு குழாய்ப் பகுதியை மட்டும் வெள்ளை வினிகரில் ஊறவைத்தால் படிவு இளகும். கத்தியால் சுரண்ட வேண்டாம். திரும்ப வைக்கும்போது ஃபில்டரின் நீரோட்டம் படும் இடத்தில் வையுங்கள், மணலில் புதைக்காதீர்கள்.

ஹீட்டரின் விளக்கு எரிகிறது, தண்ணீர் மட்டும் சூடாகவில்லையா? பல மாடல்களில் அந்த விளக்கு தெர்மோஸ்டாட் வரை மின்சாரம் வந்ததை மட்டுமே காட்டும்; கம்பி அறுந்திருந்தாலும் எரியும். ஒரு பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஹீட்டரை அதன் நீர்மட்டக் கோடு வரை மூழ்கவைத்து, வெப்பநிலைத் திருகை உச்சத்துக்குத் திருப்புங்கள். 100 வாட் நல்ல நிலையில் இருந்தால் அரை மணி நேரத்தில் 3 டிகிரியாவது ஏறும். ஹீட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரைக் கலக்கிவிட்டுத் தெர்மாமீட்டரில் பாருங்கள். கையை விட்டுப் பார்க்க வேண்டாம். திருகில் எழுதியிருக்கும் எண் ஒன்றிரண்டு டிகிரி தவறுவது பழுது ஆகாது. தெர்மாமீட்டரை நம்பித் திருகைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

குழாய்க்குள் நீர்த்துளி தெரிந்தாலோ கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தாலோ எந்தச் சோதனையும் வேண்டாம். முதலில் பிளக்கை எடுங்கள், பிறகே தண்ணீரில் கை வையுங்கள். பசை போட்டு ஒட்டிப் பயன்படுத்தாமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். தண்ணீர் மாற்றும்போதும் கால் மணி நேரம் முன்பே அணைத்துவிட வேண்டும். சூடான குழாய் நீருக்கு வெளியே தெரிந்தால் வெடித்துவிடலாம். தொட்டி இருக்கும் இணைப்புக்கு, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

தெர்மாமீட்டர் 34 காட்டும்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், ஐஸ் கட்டி போடாதீர்கள். திடீர்க் குளிர்ச்சியும் அவற்றை வாட்டும். ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, ஏர் பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டு, நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறிக் காற்று படச் செய்யுங்கள். பிறகு குளோரின் நீக்கிய, சற்றே குளிர்ந்த தண்ணீரை ஒவ்வொரு குவளையாக, இடைவெளி விட்டு ஊற்றுங்கள்.