6,000 மைலுக்கு அப்பால் ஒரு குரல்!

பனிக்காட்டில் நடக்கும் ரேடியோ வேட்டை

சிலர் மான் வேட்டைக்குப் போவார்கள். சிலர் மீன் பிடிக்கப் போவார்கள். கடுங்குளிரில், பனி மூடிய காட்டுக்குள், ரேடியோ நிலையங்களை "வேட்டை" ஆடப் போகிறவர்களும் இருக்கிறார்கள்!

ஐரோப்பாவின் வட கோடியில் பின்லாந்து நாடு இருக்கிறது. அதன் வட பகுதிக்கு லாப்லாந்து என்று பெயர். அங்கே இனாரி என்ற பெரிய ஏரி உண்டு. சுற்றிலும் காடு. "சாமி" என்ற பழங்குடி மக்கள் வாழும் பூமி அது.

குளிர்காலத்தில் அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக்கும் போகும். அந்தக் காலம் பார்த்துத்தான் ரேடியோ வேட்டைக்காரர்கள் வருகிறார்கள். ஒரு மரவீட்டில் ஒரு வாரம், இரண்டு வாரம் தங்குகிறார்கள். இரவு பகலாகக் காதில் "ஹெட்போன்" மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எதற்காக? உலகத்தின் மறுகோடியில் உள்ள சின்னஞ்சிறு நிலையங்களைக் கேட்பதற்காக!

சூரியன் வராத ஊர்

அதற்காக இவ்வளவு தூரம் போவானேன்?

மத்திய அலை ரேடியோவில் பகலில் பக்கத்து நிலையங்கள்தான் கேட்கும். இரவில் திருகினால் தொலைதூர நிலையங்களும் கேட்கும். இதற்குக் காரணம் சூரியன்தான்.

தரைக்கு மேலே 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்சாரம் ஏறிய ஒரு காற்று அடுக்கு உண்டாகிறது. அது மத்திய அலையை விழுங்கிவிடும். சூரியன் மறைந்தால் அந்த அடுக்கும் மறையும். அப்போது அலை இன்னும் மேலே போகிறது. அங்குள்ள வேறு அடுக்கில் மோதி, சுவரில் எறிந்த பந்து போலத் திரும்புகிறது. இப்படித் துள்ளித் துள்ளியே பல ஆயிரம் மைல் போய்விடும்.

இனாரியில் டிசம்பர் தொடக்கம் முதல் ஜனவரி இரண்டாவது வாரம் வரை சூரியன் உதிப்பதே இல்லை. நடுப்பகலிலும் அந்தி வெளிச்சம்தான். ஆகவே ரேடியோ அலைக்குப் பகலிலும் வழி திறந்திருக்கிறது. தவிர, காட்டில் மின்சார இரைச்சலும் குறைவு.

ஒரு கிலோமீட்டர் கம்பி

இவர்கள் கட்டும் ஏரியல் சாமானியமானது அல்ல. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கம்பி! அதை மரத்துக்கு மரம் தாங்கலாக, ஆள் உயரத்தில் இழுத்துக் கட்டுகிறார்கள். கம்பி எந்தத் திசையை நோக்கி ஓடுகிறதோ, அந்தத் திசை நிலையங்கள் தெளிவாகக் கேட்கும். ஜப்பானுக்கு ஒரு கம்பி, அமெரிக்காவுக்கு ஒரு கம்பி என்று பல கம்பிகள் போடுவார்கள். துருவ மான் கம்பியை அறுத்துவிட்டால், முழங்கால் பனியில் நடந்து போய்த்தான் முடிச்சுப் போடவேண்டும்.

இந்த ஏரியலுக்கு "பெவரேஜ்" என்று பெயர். ஹெரால்டு பெவரேஜ் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. அதன் பெருமையை உலகுக்குக் காட்டியவர் பால் காட்லி என்ற மற்றோர் அமெரிக்கர்.

பொழுதுபோக்குக்காக ரேடியோ நடத்துகிறவர்களின் சிறு கருவி அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கேட்குமா? 1921 பிப்ரவரியில் சோதித்தார்கள். தோல்வி! அந்த ஆண்டு டிசம்பரில் காட்லி ஸ்காட்லாந்துக்கே போனார். ஆர்ட்ராசன் என்ற கடற்கரை ஊரில் கூடாரம் அடித்தார். நீண்ட கம்பியைக் கட்டினார். குளிரில் நடுங்கியபடி இரவெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். கடல் கடந்து இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க நிலையங்கள் கேட்டன!

பெயர் சொல்லும் நேரம்

இனாரியிலிருந்து ஹவாய்த் தீவு சுமார் 6,000 மைல். அலை ஏறக்குறைய வட துருவத்தின் தலைக்கு மேலாகவே வருகிறது! அந்த நிலையங்களும் இங்கே கேட்டிருக்கின்றன. அமெரிக்காவில் 1,000 வாட் சக்தி மட்டுமே உள்ள சிற்றூர் நிலையங்கள் பல உண்டு. ஓர் இஸ்திரிப் பெட்டி இழுக்கிற மின்சாரம்தான் அது. அவையும் கேட்கின்றன.

ஆனால் பாட்டுக் கேட்டால் மட்டும் போதாது. எந்த நிலையம் என்று தெரியவேண்டும். அமெரிக்க நிலையங்கள் மணிக்கு ஒரு முறை தங்கள் பெயரையும் ஊரையும் சொல்லவேண்டும் என்பது சட்டம். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள். சரியாக அந்த நேரத்தில் குரல் மங்கிவிட்டால் போச்சு! மறுபடியும் ஒரு மணி நேரம் காத்திருக்கவேண்டும்.

கேட்டதை எழுதி நிலையத்துக்குக் கடிதம் போடுவார்கள். "ஆம், அது எங்கள் ஒலிபரப்புதான்" என்று பதில் கார்டு வந்தால், அதுவே பரிசு. இப்பொழுது மத்திய அலை முழுவதையும் கம்ப்யூட்டரில் ஒரே சமயத்தில் பதிவு செய்துகொள்கிறார்கள். வீடு திரும்பிய பிறகு மாதக் கணக்கில் கேட்கிறார்கள்.

வானத்து விரோதி

வட வானில் பச்சையும் சிவப்புமாக ஆடும் துருவ ஒளியைக் காண உலகமே ஆசைப்படுகிறது. இவர்களுக்கோ அது விரோதி! சூரியனிலிருந்து வரும் துகள்களால் உண்டாகும் அந்த ஒளி பலமாக ஆடினால், துருவ வழியாக வரும் குரல்கள் அடங்கிவிடும். லீவு போட்டு, பணம் செலவழித்து, கம்பி கட்டியதெல்லாம் வீணாகும்.

இன்னொரு கவலையும் உண்டு. மத்திய அலை நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளின் தேசிய ரேடியோக்கள் 2015-ஆம் ஆண்டு முடிவோடு மத்திய அலையை நிறுத்திவிட்டன. பக்கத்துச் சத்தம் ஓய்ந்ததால் தூரத்துக் குரல் நன்றாகக் கேட்கிறது என்பது உண்மை. ஆனால் தூரத்து நிலையங்களும் நிரந்தரம் அல்ல.

ஒரு நிலையம் மூடப்பட்டால், அதன் குரலுக்குச் சாட்சியாக எங்கோ லாப்லாந்துக் காட்டில் எடுத்த ஒலிப்பதிவும், ஒரு சிறு கார்டும் மட்டுமே மிஞ்சலாம். அதனால்தான் இவர்கள் தூக்கத்தை விட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.